பில்லின் அடியில் ‘நீங்கள் சேமித்தது’ என்று ஒரு வரி

போன வருடத்துப் பெரிய தள்ளுபடி விற்பனை முடிந்து ஐந்து மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பழைய சூட்கேஸைத் தேடிப் பரண் மேல் ஏறினால், அங்கே ஒரு அட்டைப்பெட்டி. ஒட்டிய டேப் கூட அறுக்காமல் அப்படியே இருக்கிறது. உள்ளே என்ன என்று எனக்கே நினைவில்லை. பெட்டியைத் திருப்பி லேபிளைப் படித்த பிறகுதான் தெரிந்தது, கையில் பிடித்துத் தூசி உறிஞ்சும் சின்ன வேக்கும் கிளீனர். என்னிடம் பெரியது ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, அதையே மாதம் ஒரு முறை எடுத்தால் அதிகம்.

அந்த வேகத்திலேயே உட்கார்ந்து, பழைய ஆர்டர்களையெல்லாம் திறந்து எண்ணிப் பார்த்தேன். நான்கு நாள் விற்பனையில் 14 பொருட்கள். அதில் 3 மட்டும் விற்பனைக்கு முன்பே தேவை என்று எனக்குத் தெரிந்திருந்தவை. 5 பொருட்கள், வாங்கிவிட்டோமே என்பதற்காகப் பயன்படுத்திக்கொண்டிருப்பவை. மீதி 6 பரணிலும் அலமாரியின் அடித்தட்டிலும் தூங்குகின்றன, அரை அளவு சின்னதாகப் போன ஓட்டப்பயிற்சி ஷூ உட்பட. திருப்பி அனுப்பும் நாள் தாண்டி மூன்று நாள் கழித்துத்தான் அதைப் போட்டே பார்த்தேன், யாரைக் குறை சொல்வது?

ஒவ்வொரு பில்லின் அடியிலும் பச்சை எழுத்தில் ‘நீங்கள் சேமித்தது’ என்று ஒரு தொகை இருந்தது. சும்மா அதையும் கூட்டினேன். என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது! அப்படியென்றால் அந்த மாதம் என் கணக்கில் ஒரு சம்பளம் கூடுதலாகக் கிடந்திருக்க வேண்டும், இல்லையா? கிடந்தது கிரெடிட் கார்டு பாக்கிதான், அதைக் கட்டி முடிக்க மூன்று மாதம் ஆனது.

அன்றிலிருந்து அந்தப் பச்சை வரியின் மேல் எனக்கு ஒரு கண். அது எதிலிருந்து எதைக் கழித்து வருகிறது என்று கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன்.

என் அக்கா கல்லூரி முடித்த புதிதில் ஒரு துணிக்கடையில் இரண்டு வருடம் வேலை பார்த்தாள். விற்பனை தொடங்குவதற்கு முந்தைய வாரம் கடையை மூடிய பிறகும் உட்காரவைத்து, பழைய விலைச் சீட்டின் மேல் புதுச் சீட்டு ஒட்டச் சொல்வார்களாம். முதலில் அதிகமான ஒரு விலை, அப்புறம் அதன் மேல் சிவப்புக் கோடு, பக்கத்தில் விற்பனை விலை. “அந்த அடிச்ச விலைக்கு அந்தச் சட்டையை ஒருத்தர் கூட வாங்கினதில்லைடா, எனக்குத் தெரியும், பில் போட்டது நான்தானே” என்றாள். எல்லாக் கடையும் இப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அடித்துக் காட்டிய விலை உண்மையான விலையா என்று கேட்கும் பழக்கம் எனக்கு அவள் சொல்லித்தான் வந்தது.

அந்த அடித்த விலை நம் தலையில் என்ன வேலை செய்கிறது என்பதற்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. ஆமோஸ் டிவெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1974இல் எழுதியது. 0 முதல் 100 வரை எண் போட்ட ஒரு சக்கரத்தைச் சுற்றுவார்கள், அது 10இல் அல்லது 65இல் மட்டும் நிற்கும்படி முன்பே செட் செய்து வைத்திருப்பார்கள். அப்புறம், ஐக்கிய நாடுகள் சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று ஊகிக்கச் சொல்வார்கள். 10ஐப் பார்த்தவர்களின் நடு விடை 25, 65ஐப் பார்த்தவர்களின் நடு விடை 45. சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது கண் முன்னால் தெரிந்தும் இப்படி. சம்பந்தமே இல்லாத எண்ணே இவ்வளவு இழுக்கிறது என்றால், அதே பொருளின் மேல், அதே சீட்டில், கோடு போட்டு எழுதிய எண் எவ்வளவு இழுக்கும்?

இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே மாதத்திலிருந்து ஒரு விதி. விலையைக் குறைத்துவிட்டோம் என்று அறிவிக்கும் கடை, அதற்கு முந்தைய 30 நாட்களில் அந்தப் பொருளை விற்ற மிகக் குறைந்த விலையைக் காட்ட வேண்டும். அதை மூலையில் சின்னதாகப் போட்டுவிட்டு, சதவீதத்தை வேறு ஒரு உயர்ந்த விலையிலிருந்து கணக்குப் போடலாமா என்று ஒரு வழக்கு வந்தது. 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் கூடாது என்றது, சதவீதமும் அந்தக் குறைந்த விலையிலிருந்துதான் வர வேண்டும். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் இந்த 30 நாள் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம், அதற்குச் சட்டம் வேண்டாம், ஒரு நோட்டு போதும். வேண்டிய பொருளின் விலையை ஒரு மாதம் முன்பே எழுதி வைப்பது, வாரம் ஒரு முறை பார்த்துப் பக்கத்தில் குறிப்பது. நான் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஒரு ஃபோல்டரில் போடுகிறேன், தேதி தானாகவே பதிவாகிவிடும். அமேசான் விலைகளுக்குக் கீப்பா, கேமல்கேமல்கேமல் போன்ற தளங்களில் பழைய விலையின் வரைபடமே கிடைக்கும். முதல் முறை அந்த வரைபடத்தைப் பார்த்தபோது நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. வருடத்தின் மிகக் குறைந்த விலை என்று நினைத்து நான் வாங்கிய ஹெட்ஃபோன், யாரும் கவனிக்காத ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில் அதைவிட மலிவாக இருந்திருக்கிறது.

ஆனால் கடைகளை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. அமெரிக்காவில் ஜே.சி. பென்னி என்ற பெரிய கடைத்தொடர் 2012இல் இந்த விளையாட்டையே நிறுத்திப் பார்த்தது. ஆப்பிள் கடைகளை உருவாக்கிய ரான் ஜான்சன் தலைமைப் பொறுப்புக்கு வந்து, கூப்பன் கிடையாது, தள்ளுபடி விற்பனை கிடையாது, எப்போதும் ஒரே நியாயமான குறைந்த விலை என்று அறிவித்தார். அந்த வருடம் விற்பனை ஏறத்தாழ கால் பங்கு சரிந்தது. 2013 ஏப்ரலில் அவர் வெளியே போனார், கூப்பன்கள் திரும்பி வந்தன. சரிவுக்கு வேறு காரணங்களும் இருந்தன என்பார்கள், இருக்கலாம். எனக்கு அதில் தெரிந்தது என் முகம்தான். ஒரு பொருளை வெறுமனே 60க்கு வைத்தால் திரும்பிப் பார்க்க மாட்டேன். 100 என்று எழுதி அடித்து 60 என்று போட்டால் ஓடிப்போய் எடுப்பேன், ஜெயித்துவிட்ட மாதிரி ஒரு சந்தோஷம் வேறு. வாங்கியது பாதி பொருள், பாதி அந்தச் சந்தோஷம். ஆறு பெட்டிகள் பரணில் தூங்கக் காரணம் அந்த இரண்டாவது பாதி.

கணக்கில் ஏமாறும் இடங்களும் உண்டு, அவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ‘50% தள்ளுபடி, அதன் மேல் இன்னும் 20%’ என்றால் 70% அல்ல. 100இல் பாதி போய் 50, அந்த 50இல் 20% என்றால் 10, ஆக மொத்தம் 60%தான். ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்பது மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி, அதுவும் மூன்றும் தேவைப்பட்டால். ‘80% வரை’ என்ற பலகையில் ‘வரை’ என்ற சொல் மட்டும் ஏன் எப்போதும் எறும்பு அளவுக்கு இருக்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. டெலிவரிக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க, அந்தக் கட்டணத்தைப் போல மூன்று மடங்குக்குச் சாக்ஸ் வாங்கியவன் நான், அதனால் அதைப் பற்றி உபதேசம் செய்யும் தகுதி எனக்கு இல்லை.

அவசரப்படுத்துவதுதான் இதில் பெரிய விஷயம். ஓடிக்கொண்டே இருக்கும் கடிகாரம், ‘இன்னும் 2 மட்டுமே உள்ளன’, ‘இப்போது 37 பேர் இதைப் பார்க்கிறார்கள்’ என்று ஒரு வரி. 37 பேர் பார்த்தால் எனக்கென்ன என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது, அந்த நேரத்தில் தோன்றுவதில்லை, யாரோ என் கையிலிருந்து பிடுங்கப்போவது போல இருக்கும். இந்த மாதிரித் தந்திரங்களுக்கு ஹாரி பிரிக்னல் என்ற வடிவமைப்பாளர் 2010இல் ‘டார்க் பேட்டர்ன்’, அதாவது ஏமாற்று வடிவமைப்பு, என்று பெயர் வைத்தார். 2019இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுமார் 11,000 ஷாப்பிங் தளங்களை நிரல் எழுதி அலசியதில் இப்படிப்பட்டவை 1,818 கிடைத்தன. அதில் சில கடிகாரங்கள் முழுப் பொய். பூஜ்யத்துக்கு வந்த பிறகும் அதே விலை, சிலவற்றில் பக்கத்தைத் திரும்பத் திறந்தால் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும். இப்போது எந்தக் கடிகாரத்தைப் பார்த்தாலும் முதலில் பக்கத்தை மூடித் திறந்து பார்க்கிறேன். அது ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது.

விட்டால் போச்சு என்ற பயத்துக்கு எனக்கு உண்மையில் மருந்தாக இருந்தது இந்த விற்பனை நாட்களின் பிறந்த தேதிகள்தான். சைபர் மண்டே (அமெரிக்காவில் நன்றி நவிலும் நாளுக்குப் பிறகு வரும் திங்கள்) என்ற பெயர் 2005இல் அமெரிக்கச் சில்லறை வியாபாரிகள் சங்கத்தின் ஒரு பிரிவு சூட்டியது. 11.11 என்ற நவம்பர் 11 விற்பனை 2009இல் சீனாவின் அலிபாபா ஆரம்பித்தது. அமேசானின் பிரைம் டே 2015 ஜூலையில். யாரோ ஒருவர் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து முடிவு செய்த நாட்கள் இவை, இன்னும் முடிவு செய்துகொண்டே இருப்பார்கள். ஆக, இந்த வாரம் விட்டால் அடுத்தது ஆறு வாரத்திலோ மூன்று மாதத்திலோ வரும், வேறு பெயரில்.

பணம் கொடுக்கும் இடத்துக்கு வருவோம், என் காசு அதிகம் ஒழுகியது அங்கேதான். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் என்ற இரண்டு பேர் மாணவர்களிடம் விளையாட்டுப் போட்டி டிக்கெட்டுகளை ஏலம் விட்டார்கள், ஆய்வு வெளியானது 2001இல். ஒரு பகுதி மாணவர்கள் ரொக்கமாகத் தர வேண்டும், இன்னொரு பகுதி கிரெடிட் கார்டில். கார்டுக்காரர்கள் கேட்ட விலை ரொக்கக்காரர்களைப் போல இரண்டு மடங்கு வரை போனது. நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது ஒரு வலி இருக்கிறது, அந்த வலிதான் நம்முடைய பிரேக். அதை எடுத்துவிட எவ்வளவு உழைத்திருக்கிறார்கள் பாருங்கள், ஒரே சொடுக்கில் வாங்கும் முறைக்கு அமேசான் 1999இல் காப்புரிமையே வாங்கியது, 2017 வரை அது அவர்களுடையது. நான் செய்தது இதற்குத் தலைகீழ். எல்லாச் செயலிகளிலும் சேமித்து வைத்த கார்டு விவரங்களை அழித்துவிட்டேன். இப்போது ஒவ்வொரு தடவையும் எழுந்து போய், அடுத்த அறையில் இருக்கும் பர்ஸை எடுத்து, 16 எண்களைத் தட்ட வேண்டும். சிரிக்காதீர்கள், பாதி ஆர்டர்கள் அந்தப் பத்தடி நடையிலேயே கைவிடப்படுகின்றன. படுத்திருக்கும்போது எழுந்து போகும் அளவுக்கு முக்கியமில்லாத பொருள் எனக்குத் தேவையில்லாத பொருள்தானே.

‘வட்டியில்லாத் தவணை’ என்று போட்டிருந்தால் நான் பார்ப்பது ஒன்றுதான், அதே பொருளை மொத்தமாகப் பணம் கட்டி வாங்கினால் என்ன விலை. பல நேரம் மொத்தமாகக் கட்டுபவருக்கு ஒரு தள்ளுபடி இருக்கும், தவணைக்காரருக்கு அது கிடையாது, கூடவே பரிசீலனைக் கட்டணம் என்று ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். வட்டி எங்கேயும் போகவில்லை, சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. உண்மையிலேயே வட்டி இல்லாத தவணையும் உண்டு, ஆனால் அதிலும் எனக்கு ஒரு பயம், ஒவ்வொன்றும் தனியாகச் சின்னதாகத் தெரியும், ஆறு சின்னது சேர்ந்தால் மாதத் தொடக்கத்திலேயே சம்பளத்தில் ஒரு பெரிய ஓட்டை. கார்டு பாக்கியை அப்படியே விட்டால் கதை இன்னும் மோசம். மாதம் 3% என்று கேட்க லேசாக இருக்கிறது, வட்டிக்கு வட்டி ஏறி வருடத்துக்கு அது 42.6% ஆகிறது. 40% தள்ளுபடியில் வாங்கிய பொருளை அந்த வட்டியில் ஒரு வருடம் இழுத்தால் தள்ளுபடியில் பெரும்பங்கு வட்டிக்கே போய்விடும். என் மூன்று மாதப் பாக்கி அப்படித்தான் எனக்குப் பாடம் எடுத்தது.

இன்னொன்று, பெரிய சாதனங்களில் மாடல் எண்ணை எழுத்து எழுத்தாகப் பார்க்க வேண்டும். கடைசி ஒரு எழுத்தோ எண்ணோ மாறியிருக்கும், பெயரும் படமும் அதேதான், ஆனால் உள்ளே போர்ட் ஒன்று குறைந்திருக்கும், திரை ஒரு படி மட்டமாக இருக்கும். டிவிகளில் இப்படி விற்பனைக்கென்றே கொஞ்சம் குறைத்துத் தயாரித்த மாடல்கள் வருவது புதிதல்ல. நீங்கள் படித்த விமர்சனம் ஒரு எண்ணுக்கு, நீங்கள் வாங்குவது இன்னொரு எண். அதே போல விற்பவர் பெயர் யார், திருப்பி எடுப்பார்களா, பணமாகத் தருவார்களா இல்லை கடைக் கூப்பனாகத் தருவார்களா, எத்தனை நாளுக்குள். பெட்டி வந்த அன்றே பிரித்துப் போட்டுப் பார்த்துவிட வேண்டும், ஷூ விஷயத்தில் நான் பட்டது போதும்.

சரி, இப்போது நான் எப்படி வாங்குகிறேன்? விற்பனைக்கு மூன்று நான்கு வாரம் முன்பே ஒரு பட்டியல் எழுதுகிறேன், ஒவ்வொன்றின் எதிரிலும் நான் கொடுக்கத் தயாரான அதிகபட்ச விலை. இது கடை சொல்லும் சதவீதத்தோடு சம்பந்தப்படாத எண், அந்தப் பொருள் எனக்கு எவ்வளவு பெறும் என்று நானே, பரபரப்பு இல்லாத ஒரு நாளில், முடிவு செய்தது. விற்பனை அன்று விலை அந்த எண்ணுக்குக் கீழே வந்தால் வாங்குவேன், வராவிட்டால் 70% தள்ளுபடி என்று எழுதியிருந்தாலும் விட்டுவிடுவேன். பட்டியலில் இல்லாதது ஏதாவது கண்ணில் பட்டால் தளத்தின் கூடையில் (கார்ட்) போட்டுவிட்டு ஒரு இரவு தூங்குவேன். பெரும்பாலும் காலையில் அதைப் பார்த்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். சில நேரம் கடையே ‘எதையோ மறந்துவிட்டீர்களே’ என்று ஒரு கூப்பனோடு மெயில் அனுப்பும், அதை எதிர்பார்த்துக் கிடக்கக் கூடாது, வந்தால் லாபம்.

எல்லாவற்றையும் தடை செய்து பார்த்தேன், அது என்னால் முடியவில்லை. ஒரு விற்பனையில் ஒன்றுமே வாங்காமல் இருந்து பெருமைப்பட்டு, அடுத்த வாரம் முழு விலையில் கண்டதையும் வாங்கினேன். அதனால் ஒரு விற்பனைக்கு ஒரு கிறுக்குப் பொருள் என்று எனக்கு நானே அனுமதி கொடுத்திருக்கிறேன், அதற்குத் தனியாக ஒரு சின்னத் தொகை. இந்த வருடத்தின் கிறுக்கு, திமிங்கல வடிவத்தில் ஒரு மேசை விளக்கு. அதைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை.

தள்ளுபடி விற்பனையே மோசம் என்று நான் நினைக்கவில்லை. எப்படியும் வாங்கப்போகிற பெரிய பொருள், எப்படியும் தீரப்போகிற சோப்பு, பேப்பர், பற்பசை மாதிரியானவை (கிராமுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்து, காலாவதித் தேதியையும் பார்த்துவிட்டு), பருவம் முடியும்போது அந்தப் பருவத்துத் துணி, இவற்றில் நான் நிஜமாகவே காசு மிச்சம் பிடித்திருக்கிறேன். மிச்சமானதை அன்றே வேறு கணக்குக்கு மாற்றிவிடுகிறேன். மாற்ற முடியவில்லை என்றால் அது மிச்சமில்லை, பச்சை மையில் எழுதிய ஒரு வரி, அவ்வளவுதான்.

இப்போதைய பட்டியலில் ஒரே ஒரு பெரிய பொருள், வீட்டிலிருந்து வேலை பார்க்க ஒரு நல்ல நாற்காலி. இரண்டு விற்பனை வந்து போய்விட்டது, இரண்டிலும் என் விலைக்கு மேலேயே நின்றது. முதுகு முனகுகிறது. அக்கா, “உன் நோட்டையும் பேனாவையும் தூக்கிப் போட்டுட்டு வாங்கித் தொலைடா, வைத்தியத்துக்குக் கொடுக்கப் போறியா?” என்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதிகபட்ச விலையைக் கொஞ்சம் ஏற்றி எழுதியிருக்கிறேன், பென்சிலில். நாளை நள்ளிரவு அடுத்த விற்பனை தொடங்குகிறது. மேசை உயரத்தை டேப் வைத்து அளந்து குறித்துவிட்டேன், பர்ஸ் அடுத்த அறையில்தான் இருக்கிறது.